தீனியைக் கொட்டிவிட்டு ஒட்டுப்படத்தை எடுத்தவர்கள்

சென்ற மாதம் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் பெற்றோர் கூட்டத்திற்குத் தந்தை ஒருவர் கனத்த ஏடு ஒன்றைச் சுமந்து வந்தார். நொறுக்குத்தீனிப் பொட்டலங்களிலும் சூயிங்கம் உறைகளிலும் அந்நாளில் இலவசமாகக் கிடைத்த ஒட்டுப்படங்கள் அதில் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைக் காட்டிவிட்டு அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். நம் வகுப்பிற்கென்றே இதுபோல ஐம்பது ஒட்டுப்படங்களை அச்சிடலாம். ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் படித்தால் ஒரு படம். ஏட்டை முதலில் நிரப்பும் பிள்ளைக்குப் பரிசு. அறை முழுவதும் கைதட்டிற்று. நான் தட்டவில்லை. காரணத்தைச் சொல்ல அன்று ஐந்து நிமிடங்கூடக் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன். பெற்றோர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அந்த ஏட்டின்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, சொல்லப்போனால் பொறாமைதான். கார்கள், விண்கலங்கள், காற்பந்து வீரர்கள், ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகர்கள் என்று வரிசையாக இருந்தன. பாதி அவர் சிறுவயதில் சேர்த்தவை. மீதியைச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் ஞாயிறுதோறும் தேடி வாங்கினாராம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், தரையில் விரிப்பைப் போட்டு வியாபாரம் செய்த அந்தச் சந்தை, 1930களில் தொடங்கி 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்துபோனது. சூயிங்கம் படங்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் பிடித்திருந்தது. 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் சூயிங்கம் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை வந்துவிட்டதல்லவா? ஆகவே நம்மூர்க் கடையில் வாங்கிய படம் என்றால் அதற்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும். சேகரிப்பவர்களின் வசதிக்காக அரசாங்கமே கோடு கிழித்துக் கொடுத்ததுபோல!

எண்ணெய்க் கறை படிந்த படங்களுக்கு விலை குறைவு என்றும் அவர் சொன்னார். கறை படிந்ததைத்தானே ஒரு பிள்ளை தின்றுகொண்டே எடுத்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே ஒரு மாமாக் கடை இருந்தது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் கடைக்காரரை 'மாமா' என்றே அழைத்தார்கள். அது நம்முடைய சொல் என்று எனக்கு அந்த வயதில் ஒரு பெருமிதம். கடையில் திக்காம் திக்காம் அட்டை தொங்கும். பத்துக் காசு கொடுத்து மடித்த சீட்டு ஒன்றைப் பிய்த்தால், உள்ளிருக்கும் எண்ணுக்குரிய பொருள் நமக்கு. பெரும்பாலும் ஒரு மிட்டாயோ பலூனோதான் வரும். பொட்டலத்துக்குள் படம் வைத்து விற்ற தீனியும் அதே வித்தைதான். உறையை விரலால் தடவித் தடவி உள்ளே எந்தப் படம் என்று ஊகிப்போம். "தடவுனது போதும், எடுத்துட்டுப் போம்மா" என்பார் மாமா. பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து பேரம் தொடங்கும். இரண்டு கார் கொடுத்தால் ஒரு விண்கலம். கிழிந்தது என்றால் மூன்று. நான் பேசிய மலாய் முழுவதும் அந்தப் படிக்கட்டில் கற்றது. எவரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை.

அப்படியானால் ஒட்டுப்படம் நல்லதுதானே, வகுப்பிலும் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் வேறுபடுகிறேன்.

1971இல் ஜப்பானின் கால்பி நிறுவனம், கமென் ரைடர் என்ற தொலைக்காட்சி நாயகனின் பெயரில் 20 யென்னுக்கு ஒரு தீனியை விற்றது. அதனுடன் ஓர் அட்டைப்படம் இலவசம். பிள்ளைகள் பொட்டலம் பொட்டலமாக வாங்கினார்கள். படத்தை எடுத்துக்கொண்டு தீனியைத் தெருவிலும் குப்பையிலும் கொட்டினார்கள். அந்நாட்டில் அது ஒரு சமூகப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே கதை மீண்டும் நடந்தது. 1985இல் லோட்டே நிறுவனத்தின் பிக்குரிமான் சாக்லேட்டில் தேவர், அசுரர் ஒட்டுப்படங்கள் வந்தன. சாக்லேட் குப்பைக்குப் போயிற்று, படம் பைக்குள் போயிற்று. சில படங்களை வேண்டுமென்றே அரிதாக வைத்ததால் பிள்ளைகள் வெறிகொண்டு வாங்க, 1988இல் அந்நாட்டு நியாய வணிக ஆணையமே தலையிட நேர்ந்தது.

கவனியுங்கள், அந்தத் தீனி கெட்டுப்போனதன்று. பசித்த பிள்ளை தின்றிருக்கும். படம் வந்த பிறகு அது படத்தைச் சுற்றியிருந்த வெறும் உறையாக மாறிவிட்டது. நமது திட்டத்தில் படம் ஒட்டுப்படம் என்றால் தீனி எது? தமிழ்க் கதை.

இது வெறும் ஊகம் அன்று. நானே மூன்று ஆண்டுகள் பொன்னிற நட்சத்திர ஒட்டுப்படம் கொடுத்தவள்தான். தொடக்கநிலை மூன்றில் படித்த ஒரு சிறுமி ஒரே வாரத்தில் ஆறு புத்தகம் படித்ததாகக் குறித்து வந்தாள். "எந்தக் கதை பிடித்தது?" என்று கேட்டேன். பட்டியலைப் பார்த்து, "எது ஆசிரியர் ரொம்பச் சின்னது, அதுதான்" என்றாள். பொய் சொல்லாத பிள்ளை. கணக்கை அவள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தாள். தவறு கணக்கு வைத்த என்னுடையது.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர்பள்ளியில் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பொன் முத்திரையும் நாடாவும் உள்ள சான்றிதழ் உண்டு என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல் இறுதியில் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு விலகி நின்று பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்ற இரு பிரிவினரைப் போலப் பாதியளவு நேரமே வரைந்தார்கள்.

அவர்களுக்கு ஆசை இருந்தது, நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆசையே இல்லையே என்று கூட்டத்தில் ஒரு தாயார் சொன்னார். நியாயமான கேள்வி. என் வகுப்பில் பதினான்கு பேர். அவர்களில் நால்வர் கேட்காமலே புத்தகம் எடுத்துப் போகிறவர்கள். இந்தத் திட்டம் முதலில் கெடுக்கப்போவது அந்த நால்வரைத்தான். 2010இல் சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசியோர் 36.7 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் 27.7. இப்படிக் குறைந்துவரும் காலத்தில் தானாகப் படிக்கும் நால்வரைப் பணயம் வைக்க எனக்குத் துணிவில்லை.

மற்ற பத்துப் பேர்? தீனியைச் சுவைத்துப் பாருங்கள் என்கிறேன். ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவல் படிக்கும் தொடக்கநிலை ஐந்து மாணவனுக்குத் தமிழில் காகமும் நரியும் கொடுக்கிறோம். அவன் கொட்டாவி விட்டால், பிள்ளைக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று பெருமூச்சு விடுகிறோம். தேக்காவில் முறுக்குப் பொட்டலம் வாங்குகிறோமே, அதற்குள் படம் வைத்தா விற்கிறார்கள்? அச்சகத்திற்குக் கொடுக்க நினைக்கும் பணத்தில், பத்து வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய துப்பறியும் கதைகளையும், காற்பந்து, பேய், விண்வெளி பற்றிய தமிழ்ப் புத்தகங்களையும் தேடி வாங்குவோம். குறைவாகத்தான் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்தக் குறையை ஒட்டுப்படத்தால் மூடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நிற்க. அன்று கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் அந்த ஏட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். "இது எத்தனை காசு அங்கிள்?", "இந்த நம்பர் மட்டும் ஏன் இல்ல?", "யார்கிட்ட மாத்துனீங்க?" என்று அரைகுறைத் தமிழில் கேள்விகள் பறந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரும் கூட்டத்தில் திட்டம் வாக்கெடுப்புக்கு வருகிறது. நான் எதிர்த்தே வாக்களிப்பேன். நிறைவேறினாலும் என் வகுப்பில் ஒரு படம்கூட ஒட்டப்படாது. அந்தத் தந்தையிடம் என் வேண்டுகோள் வேறு. ஏதாவதொரு சனிக்கிழமை அந்த ஏட்டோடு வகுப்புக்கு வாருங்கள் ஐயா. ஒரு மணி நேரம் முழுவதும் உங்களுக்கே. தமிழில் பேசுங்கள், பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிட்டுப் படங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். கறை பட்டவற்றை மட்டும் கொண்டுவந்தாலும் போதும்.