கரையும் துறையும் ஒரே தாளில்



நம் மாவட்டத்துக்குக் கடல் வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு ஒரு சாண் கடற்கரைகூடக் கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி பிரிந்து வந்து நம்மோடு சேர்ந்தது. வடக்கே கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாகத் தெற்கே மீமிசலைத் தாண்டிப் போகிற நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கரை அப்படித்தான் நம் கணக்கில் வந்தது. அதனாலோ என்னவோ, திருமயத்திலும் பொன்னமராவதியிலும் இருக்கிற நமக்குக் கடல் என்பது சந்தைக்கு வரும் மீனோடு முடிந்துபோகிறது.

இந்த இதழில் அந்தக் கரையைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்று தோன்றியது. காரணம், அங்கிருந்து எழும் கோரிக்கைகள். படகு கட்ட இடம் போதவில்லை, துறையை நீட்டிக் கொடுங்கள் என்பது ஒன்று. வாய்க்கால் தூர்ந்துவிட்டது, தூர் வாருங்கள் என்பது இன்னொன்று. தூண்டில் வளைவு கேட்கும் ஊர்கள் உண்டு, சாலை கேட்கும் ஊர்கள் உண்டு. எல்லாம் நியாயமானவை. ஆனால் ஒவ்வொன்றும் தனி மனுவாகப் போய், தனிக் கோப்பாகி, தனித்தனி நிதியில் தனித்தனி வேலையாக வந்து இறங்குகிறது. கடலில் ஒரு கல்லைப் போட்டால் அதன் விளைவு அந்த ஊர் எல்லையோடு நிற்காது. இதற்குச் சென்னையைவிடத் தெளிவான சாட்சி நம் மாநிலத்தில் இல்லை.

மதராசுக்கு வெகுகாலம் துறைமுகமே இல்லை. கப்பல் தள்ளி நங்கூரமிடும். மசூலா படகுகள் அலையோடு மல்லுக்கட்டி ஆளையும் சரக்கையும் கரையேற்றும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் இந்தப் பக்கம் வந்தபோது மதராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே பயணத்தில், அதற்குச் சில நாள் முன்பு, கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கும் அவர் கையால்தான் கல் வைத்தார்கள். மதராசில் கடலுக்குள் இரண்டு கரங்களை நீட்டி, நடுவில் அமைதியான நீரை உண்டாக்குவது திட்டம். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் பெரும்பகுதியைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. மறுபடி கட்டினார்கள்.

புயல் ஒரு நாளில் செய்துவிட்டுப் போனது கண்ணுக்குத் தெரிந்தது. மணல் ஆண்டுக்கணக்கில் செய்ததுதான் பெரிது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் ஓரளவு தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் சென்னைக் கரையில் வடக்கே போவதுதான் அதிகம். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் எழுந்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துகொண்டே போனது. இன்று நாம் மெரினா என்று பெருமையோடு நடக்கிற அகலமான மணல்வெளியில் பெரும்பங்கு அப்படிச் சேர்ந்ததுதான். 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டபோது கடல் அதற்கு மிக அருகில் இருந்தது. துறைமுகத்தின் வாயிலும் தூர்ந்தது. 1904 முதல் 1919 வரை துறைமுகத்தை நடத்திய பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே இருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்த பிறகுதான் துறைமுகம் மூச்சு விட்டது.

வடக்கே நடந்தது வேறு. தெற்கே சேர்ந்த ஒவ்வொரு கூடை மணலும் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போயிருக்க வேண்டியது. அது வராமல் நின்றதும் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. மணலில் கட்டுமரம் ஏற்றிய குப்பங்கள் பின்வாங்கின, வீடுகள் போயின. இன்றைக்கு அங்கே கரை என்று இருப்பது பெரும்பாலும் கருங்கல் குவியல். துறைமுகம் கட்டிய பொறியாளர்கள் திறமைசாலிகள்தான். அவர்கள் வரைந்த படம் துறைமுகச் சுவரோடு முடிந்துவிட்டது. மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதும், அந்த மணலை நம்பி யார் குடியிருக்கிறார்கள் என்பதும் அந்தத் தாளில் இல்லை. இதை நான் ஒரு நூற்றாண்டுக் குறை என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதன்பிறகும் அதேதான் நடந்தது.

துறைமுகம் வளர்ந்தது. 1964-ல் ஜவஹர் டாக், பிறகு பாரதி டாக், 1983-ல் கன்டெய்னர் முனையம். ஊரும் அதைச் சுற்றி வளர்ந்தது. ஆனால் ஒன்றுக்காக மற்றொன்று யோசிக்கவில்லை. வடசென்னைக்காரர்கள் பல்லாண்டு காலம் நிலக்கரித் தூசியைச் சுவாசித்தார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே 2011 அக்டோபரோடு அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூர் மக்கள் பட்ட பாடு தனிக்கதை. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்பது வழக்கமானது. துறைமுகத்தை மதுரவாயலோடு இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009-ல் அடிக்கல். 2012-ல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் பல ஆண்டு மொட்டையாக நின்றன. 2022-ல் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல். பீச் ஸ்டேஷனில் இறங்குகிற பயணிக்குக் கடல் கண்ணில் படுவதில்லை, துறைமுக மதில்தான் படுகிறது. ஒரு ஊர் தன் கடலைப் பார்க்க முடியாமல் போவது சின்ன இழப்பு இல்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகம் கடலை நிரப்பி விரிவாக்கம் செய்ய நினைத்தபோது, 2005-ல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. வடக்கே இருக்கிற வாடன் கடலுக்குப் போகும் மீன்குஞ்சுகளுக்கும் வண்டலுக்கும் என்ன ஆகும் என்று போதுமான ஆய்வு இல்லை என்பது முக்கியமான காரணம். கண்ணுக்குத் தெரியாத மீன்குஞ்சுக்காக ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் காத்திருந்தது. ஆய்வை முடித்து, பக்கத்தில் 25,000 ஹெக்டேர் கடல்தரையைப் பாதுகாப்புப் பகுதியாக ஒதுக்கி, 2008-ல் வேலை தொடங்கி 2013-ல் திறந்தார்கள். கப்பல்கள் கடல்பக்கம் நகர, நகரத்துக்குள் இருந்த பழைய துறைகளில் வீடுகளும் நடைபாதைகளும் வந்தன. பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று தள்ளிவிடலாம். யோசிப்பதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை.

இனி நம் கரைக்கு வருகிறேன்.

பாக் நீரிணைக் கடல் சென்னைக் கடல் இல்லை. அலை சிறியது, ஆழம் பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது, கரையோரம் மணலைவிடச் சேறு அதிகம். கடல் உள்வாங்கும் நாட்களில் கோட்டைப்பட்டினத்தில் படகுகள் தரைதட்டிச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். விசைப்படகு கரை திரும்பும் காலையில் ஜெகதாப்பட்டினத்துக்குப் போனால் இடநெருக்கடி தானாகப் புரியும். ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசையாய்ப் படகுகள். கடைசிப் படகின் மீன்பெட்டியை அடுத்தடுத்த படகுகளின் மேல்தட்டு வழியாகவே தோள்மாற்றிக் கொண்டுவருகிறார்கள். ஒருபுறம் ஐஸ் உடைகிறது, ஒருபுறம் ஏலக் குரல், அதற்குள்ளேயே டாடா ஏஸ் ரிவர்ஸ் எடுக்கிறது. நண்டையும் இறாலையும் தரம்பிரிக்கும் பெண்கள் உட்காருவதற்கு நிழல் தேடுகிறார்கள். துறையை நீட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எவ்வளவு நீட்டுவது, எத்தனை படகுக்கு என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. 2017-ல் பாக் நீரிணை மாவட்டங்களுக்காக ஒரு திட்டம் வந்தது. 2,000 இழுவலைப் படகுகளை விலக்கி, ஒவ்வொன்றும் 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது. இலங்கைக் கடற்படையிடம் படகையும் ஆளையும் பறிகொடுத்துக் கண்ணீர் வடிக்கிற நம் ஊர்களுக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. எண்ணியதில் சிறு பகுதிதான் நடந்தது. கடனும் தொழில் பழக்கமும் காரணங்கள். அந்தப் பெரிய படகு நம் ஆழமில்லாத துறையில் எங்கே வந்து நிற்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து நம் படகு இழுவலையா, ஆழ்கடல் தூண்டிலா, நாட்டுப்படகா என்று முடிவு செய்யாமல் துறையின் நீளத்தையும் ஆழத்தையும் எப்படி முடிவு செய்வது?

ஆழப்படுத்தினால் அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்பது அடுத்தது. 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டத்தில் 12 மீட்டர் ஆழமும் 300 மீட்டர் அகலமும் உள்ள கால்வாயைப் பற்றிப் பேசியபோது மீனவர்கள் கவலையோடு கேட்டது இதைத்தான். சேறு கலங்கினால் கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது. கடற்புல் போனால் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்க இடமில்லை, நம் ஆட்கள் ஆவுளியா என்று அழைக்கிற கடற்பசுவுக்கு இரையில்லை. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதல். நம் கடலின் வடபகுதி அதற்குள் வருகிறது. எத்தனை பெரிய செய்தி அது! ஆனால் அந்த எல்லைக்கோடு ஒரு அரசுத் துறையின் வரைபடத்தில் இருக்கிறது. மீன்பிடி இறங்குதளம் வேறொரு துறையின் வரைபடத்தில். இறால் பண்ணைகள் இன்னொன்றில். முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டை ஒட்டி வரும் சுற்றுலா மற்றொன்றில்.

நம் பக்கத்தில் கண்மாய் வெட்டியவர்கள் வரத்துக்கால், கலிங்கு, மடை, ஆயக்கட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கரை போட்டார்கள். கடற்கரைக்கும் அந்தப் புத்திதான் வேண்டும். வெள்ளாற்றையும் அதில் சேர்க்க வேண்டும். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓடுகிற அந்த ஆறுதான் மணமேல்குடிப் பக்கம் கடலில் கலக்கிறது. மேலே நாம் மணல் அள்ளுவதும் தண்ணீரைத் தடுப்பதும் கீழே முகத்துவாரத்தில் தெரியாமல் போகாது. அந்த வகையில் கடற்கரைத் திட்டம் உள்நாட்டுக்காரர்களான நம்முடைய விஷயமும்தான்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். மீனவக் கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், படகுத்துறை, ஐஸ் பிளாண்ட், மீன் உலர்த்தும் களம் எல்லாம் ஊர் அளவிலான வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. மீனவர்களின் வருங்காலக் குடியிருப்புத் தேவைக்குத் திட்டம் வேண்டும் என்றும் சொல்கிறது. கருவாடு காயும் மணலுக்குப் பட்டா இருக்காது. வலை உலர்த்தும் திடலுக்கு ஆவணம் இருக்காது. வரைபடத்தில் ஏறாத இடம் நாளைக்குக் காலியிடமாகக் கருதப்படும். ஒரு சாலையோ கட்டடமோ அங்கே வந்து உட்கார்ந்துவிடும். காசிமேட்டில் நடந்தது நம் ஊரில் நடக்க வேண்டியதில்லை. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நம் கரையில் பெரிய சுவர் எதுவும் எழுந்துவிடவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் மல்லிப்பட்டினத் துறைமுகத்துக்குள் கட்டிவைத்த விசைப்படகுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கியதை நாம் மறக்கவில்லை. பாதுகாப்புக்குக் கட்டிய இடத்துக்குள்ளேயே அந்தச் சேதம். புயல் காலத்தில் படகு எங்கே ஒதுங்கும், எந்த ஓடைக்குள் ஏற்றலாம் என்பது கரையில் இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் கருத்துக்கேட்பு நாளில் மைக் முன்னால் இரண்டு நிமிடம் கேட்டால் போதாது. படம் வரையும் மேசைக்கே அவர்கள் வர வேண்டும், பெண்களும் வர வேண்டும். ஏலக்களத்தின் அமைப்பை அங்கே நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்தான் சொல்ல முடியும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த இதழிலிருந்து கடற்கரை ஊர்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்குகிறோம். கட்டுமாவடி முதல் மீமிசல் வரை உள்ள வாசகர்களும், அங்கே உறவும் நட்பும் உள்ளவர்களும் உங்கள் ஊர்க் கரையை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். கைவரைபடம் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தாத்தா காலத்தில் தண்ணீர் எதுவரை இருந்தது, இப்போது எதுவரை இருக்கிறது? வாடைக் காலத்தில் வல்லத்தை எங்கே ஏற்றி வைக்கிறீர்கள்? எந்த வாய்க்கால் தூர்ந்தது, எந்த ஆண்டுக்குப் பிறகு? கருவாடு எங்கே காய்கிறது, குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள், கடற்புல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது? பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். வருகிற படங்கள் எல்லாவற்றையும் அச்சிடுவோம். தொகுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மீன்வளத்துறைக்கும் வனத்துறைக்கும் ஒரே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. படகுகள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் நம் ஆட்களும் ஊர் ஊராக நேரில் வருவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்