வழித்துணைக்கு ஒரு மாயக் கதை

ரயில் பிரயாணத்துக்கு ஏற்ற மாயக் கதை எதுவென்று கேட்கும் நேயர்களுக்குப் பத்துத் தொகுதிக் காவியங்களை நாம் சிபார்சு செய்யமாட்டோம். எந்த அரசன் யாருடைய மகன் என்று விளங்குவதற்குள் ஊர் வந்துவிடும். ஆங்கில ஆசிரியர் டெர்ரி பிராட்செட் 1987-ல் வெளியிட்ட 'மார்ட்' என்னும் நாவலே போதும். அதில் உலகம் தட்டையானது. அதைத் தாங்குவன நான்கு யானைகள். அவை நிற்பதோ ஓர் ஆமையின் முதுகில். நமக்கு இது அன்னிய பூகோளமா, என்ன! அங்கே மரண தேவன், நம் எமதர்மராஜன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பையனைத் தொழில் பழக அமர்த்திக்கொள்கிறான். பையனோ, சாக வேண்டிய ராஜகுமாரியைக் காப்பாற்றிவிடுகிறான். அதற்குள் எஜமானன் சந்தோஷத்தைத் தேடிப் புறப்பட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்காரனாகிவிடுகிறான்! வரிசையில் இது நான்காவது. ஆயினும் முந்தியவற்றைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அத்தியாயப் பிரிவே இல்லாததுதான் ஒரு குறை. நிறுத்த இடம் தேடிக்கொண்டே நாம் ஒரு முறை இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டோம்.