விசாகப்பட்டினத்தில் ஏழு நாள்

கோடையில் ஒரு வாரம் கடலோரத்தில் தங்க வேண்டும், அங்கே நல்ல கோயிலும் இருக்க வேண்டும், எங்கே போகலாம் என்று இப்பகுதியின் வாசக அன்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். யோசிக்காமல் நான் சொல்லும் ஊர் விசாகப்பட்டினம். வங்கிப் பணியில் இருந்தபோது அங்கே இரண்டாண்டு வாழ்ந்தவன் என்பது ஒரு காரணம். அவ்வூரில் நான் தீர்க்காமல் விட்டுவந்த கடன் ஒன்று இருப்பது மற்றொன்று.

நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் சிம்மாசலம். அங்கே எழுந்தருளியிருக்கும் வராக லட்சுமி நரசிம்மரை ஆண்டு முழுவதும் சந்தனம் மூடியிருக்கும். புதிதாகச் செல்பவருக்குச் சிவலிங்கமோ என்று தோன்றும். அட்சய திருதியை அன்று ஒருநாள் மட்டும் சந்தனம் களையப்பெற்று, பெருமாள் நிஜரூபத்தில் காட்சி தருகிறார். நான் அங்கிருந்தபோது என் தமக்கையார் அந்தத் தரிசனத்துக்கு அழைத்துப் போகும்படி கேட்டார். "இவ்வாண்டு விடுப்பு கிடைக்காது, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றேன். அடுத்த ஆண்டு வருவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அக்காவுக்கு இப்போது 78 வயது. இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. இந்தக் கோடைக்கு அவரையும் என் மனைவியையும் அழைத்துச் செல்வதென்று முடிவு செய்து, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியே இடறியது. அட்சய திருதியை அன்றே செல்வதா? அன்று மலையில் கூடும் கூட்டம் கொஞ்சநஞ்சமன்று. 2025 ஏப்ரல் 30 அன்று, விடியுமுன் பெய்த கனமழையில் சுவர் இடிந்து, தரிசன வரிசையில் நின்ற பக்தர்களில் ஏழு பேர் உயிரிழந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். 78 வயதுக்காரரை அந்த வரிசையில் மணிக்கணக்காக நிறுத்த என் மனம் துணியவில்லை.

அப்போதுதான் அங்கு வாழ்ந்தபோது கேட்டறிந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. களைந்த சந்தனத்தை மீண்டும் ஒரே நாளில் முழுதும் சாத்திவிடுவதில்லை. அட்சய திருதியை இரவில் மூன்று மணங்கு, அதாவது நூறு கிலோவுக்கும் மேல். பிறகு வைசாக, ஜேஷ்ட, ஆஷாட மாதப் பௌர்ணமிகளில் மும்மூன்று மணங்கு. ஆக நான்கு தவணை. வங்கிக்காரனுக்கு எளிதில் விளங்கும் கணக்கு. எனவே திருதியைக்கும் வைசாகப் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாளில் சென்றால், திருமேனிமீது கால்பங்குச் சந்தனமே இருக்கும். கூட்டமும் தணிந்திருக்கும். மலைமேல் வரை வாகனம் செல்வதால் படியேறும் கவலையும் இல்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டையும், 1516இல் வந்து வணங்கிய கிருஷ்ணதேவராயரின் சாசனத்தையும் உடையது அக்கோயில். அவசரமின்றி நின்று பார்க்க வேண்டிய இடம்.

இனி மற்ற நாள்கள். பழைய நகரின் புருஜுப்பேட்டையில் கனகமகாலட்சுமி அம்மன் இருக்கிறாள். கருவறைக்குக் கூரை கிடையாது; பக்தர்களே அருகில் சென்று தம் கையாலேயே மஞ்சள் குங்குமம் சாத்தலாம். ஸ்ரீகாகுளம் பக்கத்து அரசவல்லி சூரியனார் கோயிலும் ஸ்ரீகூர்மமும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் காலை ஐந்து மணிக்கே வண்டி ஏற வேண்டும். மே மாதப் புழுக்கத்துக்கு மாற்று வேண்டுவோர் கிரந்துல் செல்லும் காலை ரயிலில் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கப் பாதைகளைக் கடக்கும் வழி அது. கண்ணாடிக் கூரைப் பெட்டி கிடைத்தால் குழந்தையாகிவிடுவோம். இடையிலுள்ள போரா குகைக்குப் படிகள் மிகுதி. முழங்கால் வலிக்காரர் வெளியே தேநீர் அருந்திக் காத்திருப்பதே நல்லது.

கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2001 வரை கடற்படையில் இருந்தது. உள்ளே இடம் மிகக் குறுகல். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அலை உள்ளிழுக்கும் வேகம் நம்மை ஏமாற்றிவிடும்.

பயணச்சீட்டு பற்றி ஒரு சொல். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020இலேயே நின்றுவிட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் உண்டு. ஒரே சீட்டில் இருவருக்கு மேல் சேர்த்தால் அதுவும் கிடைக்காது. மூவராகச் செல்லும் நாங்கள் இரண்டு சீட்டாகவே எடுக்க இருக்கிறோம். முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அன்று காலை எட்டு மணிக்கே தயாராக இருங்கள்.

எழுதி முடித்த திட்டத்தை அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கனகமகாலட்சுமிக்குத் தம் கையாலேயே குங்குமம் சாத்தலாம் என்றதும் முகம் மலர்ந்தது. சிம்மாசலத்தின் நான்கு தவணைக் கணக்கைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏண்டா, முப்பது வருஷக் கடனில் கால்பங்கைத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறாயா?" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, "சரி, கூட்டத்தில் நான் விழுந்துவைத்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். நீ சொல்கிற நாளிலேயே போவோம். ஆனால் ஒருதரம் போதாது, கிளம்புகிற அன்றைக்கு முதல்நாள் இன்னொரு தரம் மலைக்குக் கூட்டிப்போ" என்றார்.

ஆறாம் நாளுக்கு எதிரே 'ஓய்வு' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'காலை, மீண்டும் சிம்மாசலம்' என்று எழுதிக்கொண்டேன்.