கிராவல் சைக்கிளுக்கு ஏற்ற செஞ்சி... காட்டுக்குள் போகவே வேண்டாம்!

‘கிராவல்’ என்று விழுப்புரம் மாவட்டத்தில் யாரிடம் சொன்னாலும், ரோடு போடவும் மனையை மேடாக்கவும் லாரியில் கொண்டுவந்து கொட்டும் செம்மண்தான் ஞாபகத்துக்கு வரும். ‘கிராவல் பைக்கிங்’ என்றால் யாரோ டூவீலரில் மண் கடத்துகிறார்கள் என்று நினைத்தாலும் ஆச்சர்யமில்லை. அது மண் கடத்தல் இல்லை, சைக்கிள் சமாசாரம். தார் ரோட்டை விட்டு இறங்கி, செம்மண் பாதை, வண்டித்தடம், ஏரிக்கரை என்று மணிக்கணக்கில் ஓட்டுவதுதான் கிராவல் பைக்கிங். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். டயர் மட்டும் அகலம்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் புல்வெளியும் கல்லு ரோடும்தான். 2006-ல் அந்த ரோட்டிலேயே 200 மைல் சைக்கிள் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று ‘அன்பவுண்ட் கிராவல்’ என்ற பெயரில் உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு வருகிறார்கள். 2022-ல் இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. தார் போடாத ரோட்டை வைத்தே ஓர் ஊர் பிழைக்கிறது!

செஞ்சியில் அந்த ரோடுகளோடு மலையும், கோட்டையும், பல்லவர் குகைகளும் சேர்ந்தே இருக்கின்றன. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது செஞ்சி மட்டும்தான். அதைப் பார்க்க வருகிறவர்களில் பலர் ராஜகிரி ஏறுவார்கள், மூச்சு வாங்குவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், அப்படியே திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். சுற்றியுள்ள ஊர்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

மலைப்பகுதி என்றதும் ஊட்டி மாதிரி கொண்டை ஊசி வளைவுகளைக் கற்பனை செய்ய வேண்டாம். யாரோ உருண்டைப் பாறைகளைக் கூடையில் அள்ளிவந்து குவித்ததைப் போலத்தான் செஞ்சி மலைகள் நிற்கும். பாதைகள் அந்தக் குவியல்களுக்கு நடுவே பெரும்பாலும் சமமாகவே போகின்றன. கியர் இல்லாத சைக்கிளிலும் சமாளித்துவிடலாம்.

காடு ஏன் வேண்டாம்?

செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே பக்கமலை இருக்கிறது. பச்சைப்பசேல் என்று ஆளைக் கூப்பிடும் மலை. ஆனால், அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. சைக்கிள்தானே, புகையா விடுகிறது என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகளையே அரசு கொண்டுவந்தது. கோடையில் காய்ந்து கிடக்கும் புதர்க்காட்டில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது.

காட்டைத் தொடாமலே ஒரு நாள் முழுக்க ஓட்டுவதற்கு இங்கே பாதை உண்டு. அதற்கு நல்ல மையம் அனந்தபுரம்.

மொபைலில் ‘அனந்தபுரம்’ என்று மட்டும் போட்டால் மேப் உங்களை ஆந்திராவுக்கோ கேரளாவுக்கோ அனுப்பிவைக்கப் பார்க்கும். பக்கத்தில் ‘செஞ்சி’ என்று சேர்த்துத் தேடுங்கள். செஞ்சியிலிருந்து விழுப்புரம் பக்கமாக சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் சிறிய பேரூராட்சி இது. சுற்றுலாத் தலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டீக்கடை உண்டு, பஞ்சர் கடை உண்டு. சைக்கிள்காரருக்கு வேறென்ன வேண்டும்?

இங்கிருந்து பனமலைக்குப் போகலாம். ஏரியைப் பார்த்தபடி ஒரு குன்று, குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் கட்டியது. உள்ளே சிறு சன்னிதிச் சுவரில், குடைக்குக் கீழே ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் அம்மன் ஓவியம். நிறம் பெருமளவு போய்விட்டது, ஒயில் போகவில்லை. சுமார் 1,300 வருடப் பழைமை. ஃபிளாஷ் போட்டு எடுக்க வேண்டாம். கையால் தொட்டும் பார்க்க வேண்டாம்.

கீழே இருக்கும் ஏரிதான் இந்த ரூட்டின் உயிர். திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில், துரிஞ்சலாற்றுத் தடுப்பணையிலிருந்து கிளம்பும் நந்தன் கால்வாய், சுமார் 38 கிலோமீட்டர் ஓடி, வழியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பிவிட்டு, கடைசியாகப் பனமலை ஏரிக்கு வந்து சேர வேண்டும். ‘வேண்டும்’தான். கடைமடை வரை தண்ணீர் வருவது இங்கே ஒவ்வொரு வருடமும் கேள்வி. சாத்தனூர் அணைத் தண்ணீரை இந்தக் கால்வாயோடு இணைத்துவிடுங்கள் என்று விவசாயிகள் எத்தனையோ வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சைக்கிள் ஓட்ட வருகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? அவர் ஓட்டப்போவது அந்தத் தண்ணீரைத் தாங்கும் கரையின் மேல். ஏரிக்கரையும் கால்வாய்க்கரையும் மண்ணை மிதித்துக் கட்டியவை. காய்ந்திருக்கும்போது சைக்கிள் அதை ஒன்றும் செய்யாது. மழை பெய்து ஊறியிருக்கும்போது டயர் இறங்கினால் கோடு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். கோடு வாய்க்காலாகும், கரை அரிக்கும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது இதே மாவட்டத்தில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்பது கீழே நெல் போட்டிருப்பவருக்குத்தான் தெரியும். அதனால், மழை விட்டுக் கரை நன்றாகக் காயும்வரை மேலே ஏறக் கூடாது. கரையில் புதர் மண்டி வழி மறைந்திருந்தால் இறங்கிவிடுங்கள், எதிரில் வருகிறவரிடம் வழி கேளுங்கள். “எங்கப்பா போறீங்க?” என்று அவரே முந்திக்கொண்டு கேட்பார்.

அறுவடை சமயத்தில் இன்னொன்று. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல்லுக்குப் பேர்போனது. அங்கே போகும் நெல், அதற்கு முன் காய்வது பல இடங்களில் ரோட்டில்தான். காய்கிற நெல்லின் மேல் ஓட்டினால் நெல்லும் உடையும், சறுக்கி உங்கள் முட்டியும் உடையும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

வரும் வழியில் நேரமிருந்தால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்ததாக மகேந்திரவர்மன் பெருமையாகக் கல்வெட்டில் வெட்டிவைத்த குகை இதுதான். குழந்தைகளோடு வருகிறவர்கள் இவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரையும், திருநாதர் குன்றில் பாறையில் செதுக்கிய 24 தீர்த்தங்கரர்களையும் பார்த்துவிட்டு டிபனுக்குத் திரும்பிவிடலாம்.

எந்த சைக்கிள்?

லட்ச ரூபாய் கிராவல் பைக் தேவையில்லை. 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் ஏறும் எந்த சைக்கிளும் போதும். ஸ்கூலில் கொடுத்த அரசு சைக்கிளிலும் 20 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம், பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும். காற்றை முழுசாக அடித்தால் கல்லில் குதிக்கும். 40 மில்லிமீட்டர் டயருக்கு, 70 கிலோ ஆளென்றால், 35 முதல் 40 பிஎஸ்ஐ சரியாக இருக்கும்.

இங்கே உண்மையான வில்லன் பாறை இல்லை, சீமைக்கருவேல முள். கரையோரம் வெட்டிப்போட்ட முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். டயரைப் பார்த்து மட்டும் எழுந்திருக்கும்! சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் டயர் இருந்தால் பாதிக் கவலை விட்டது. இல்லாதவர்கள் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்ப் இல்லாமல் கிளம்பாதீர்கள். முள்ளைப் பிடுங்காமல் புது டியூபை மாட்டினால் அதுவும் போகும். டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயில் பல்லைக் காட்டாது. சித்திரையில் வந்தே தீருவேன் என்பவர்கள் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். அதன் பிறகு மேலே சூரியன் சுடும், பக்கத்திலிருந்து பாறை சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இறங்கி ஓட்டிவரலாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். ஆனால் அது லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. பின்பக்கம் சிவப்பு விளக்கு எரியட்டும், பகலிலும்.