கீசர் சொட்டுகிறதா? அடைத்துவிடாதீர்கள்!

போன மார்கழியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார். "கீசர் பக்கத்துல சொட்டு சொட்டா தண்ணி வருதுப்பா. எம்-சீல் வெச்சு அடைச்சிடலாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அடைச்சிடவா?"

"ஐயோ, வேண்டாம் பெரியம்மா! முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க" என்றேன். நான் ஏன் பதறினேன்?

கீசரின் பச்சைத் தண்ணீர் பைப்பில் (நீல வளையம் போட்டிருக்கும்) ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சுட்டால் விரியும். 15 லிட்டர் கீசரில் 25 டிகிரி தண்ணீர் 75 டிகிரிக்குப் போனால், கால் லிட்டருக்கும் மேல் கூடிவிடும். உள்ளே அழுத்தம் ஏறும்போது அதை வெளியேற்றுவதுதான் அந்த வால்வின் வேலை. ஷூட்டிங் கேரவனில் இருக்கும் குட்டி ஹீட்டருக்கும் இதே கதைதான்.

அதை அடைத்த நேரத்தில் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். டேங்க் வெடித்தால் அந்தத் தண்ணீர் சட்டென்று ஆவியாகும். 1 லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். பாத்ரூம் தாங்குமா?

சரி, எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள்.

சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால்: பயம் வேண்டாம், வால்வு வேலை செய்கிறது. சின்ன டியூப் மாட்டி, தண்ணீர் தரையில் வடிய விடுங்கள். டியூபின் முனை திறந்தே இருக்கட்டும்.

ஆஃப் செய்து ஆறிய பிறகும் சொட்டினால்: வால்வுக்குள் உப்பு படிந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் இது சகஜம். வால்வில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து, அதே அளவில் புதிது மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் 8 பார் என்றிருக்கும்.

பிரஷர் பம்ப் போட்ட வீடு என்றால்: பம்பின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடித் தொட்டி மட்டும் என்றால் 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார்தான். அதனால் வால்வு திறக்காது.

கொதிநீரோ ஆவியோ பீய்ச்சினால்: பக்கத்தில் போகாமல் மெயினை ஆஃப் செய்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தெர்மோஸ்டாட் கோளாறாக இருக்கலாம்.

பெரியம்மா வீட்டில் ஆறிய பிறகும் சொட்டியது. மறுநாள் வந்த பிளம்பர் கழற்றிக் காட்டிய வால்வுக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. புது வால்வு போட்டாச்சு. அந்த எம்-சீல் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.