வில்வத்தைக் களைன்னு வெட்டிட்டோம்

இன்னைக்கு ஒரு தப்பை ஒத்துக்கத்தான் இந்தப் பதிவு.

போன மாசம் நம்ம பத்து காஜா கோவில் பின்புறம் கோத்தோங் ரோயோங் போட்டோம். வேலியோரம் முள்ளோட இடுப்பளவு வளர்ந்திருந்த ஒரு செடியையும் புதரோட சேர்த்து வெட்டித் தள்ளிட்டோம். மறுநாள் பூ கட்டும் பாட்டி வந்து, "எங்கடா என் வில்வம்?"னு கேட்டாங்க. மூணு வருஷமா தண்ணி ஊத்தி வளர்த்தது. நாங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல. பிரதோஷத்துக்குக் காசு கொடுத்து வில்வம் வாங்குறவங்கதான் நாங்க. மூணு மூணா இருக்கும் அந்த இலை தட்டுல இருந்தா தெரியுது, செடியில இருந்தா தெரியல.

மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்துக்குத் தில்லை, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மாமரம்னு தல விருட்சம் எல்லாம் மனப்பாடமா சொல்வோம். நம்ம வாசல்ல நிழல் தர்ற மரத்துக்குப் பேர் கேட்டா முழிக்கிறோம். இது சரியில்லைங்கிறதுதான் எங்க கருத்து.

நம்ம ஊர் மரங்களுக்கும் கதை இருக்கு. ஈப்போங்கிறதே ஒரு மரத்தோட பேர்தான். அதன் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புல விஷமா தடவினாங்க. ஈப்போ ரயில் நிலையத்துக்கு முன்னால ஒண்ணு நிக்குது. எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்! நம்ம பாட்டன் பூட்டன் விடியக்காலை பெரட்டுக்கு நின்னு பால் வெட்டின ரப்பர் மரம், பிரேசில்ல இருந்து 1876-இல் லண்டனுக்கு விதையா போய், 1877-இல் இந்தப் பக்கம் கன்றா வந்தது. அப்போ நட்டதுல ஒண்ணு கோலகங்சார்ல இன்னும் இருக்கு. சாயங்காலம் இலையை மூடிக்கிற தூங்குமூஞ்சி மரத்துக்கு மலாய்க்காரங்க 'புக்குல் லிமா', அதாவது அஞ்சு மணின்னு பேர் வச்சிருக்காங்க. நின்னு பார்த்தவங்களாலதான் அப்படிப் பேர் வைக்க முடியும்.

தோட்டம் போய் செம்பனை வந்த இடங்கள்ல, லயம் இருந்த இடத்தைக் காட்ட சில சமயம் ஒரு புளியமரமோ மாமரமோதான் மிச்சம். தெரியாதவங்களுக்கு அது இடைஞ்சல். தெரிஞ்சவங்களுக்கு அது தாத்தா வீட்டு வாசல்.

"கோவில் வேலையே தலைக்கு மேல இருக்கு, மரத்தைப் பார்க்க நேரம் ஏது?"ன்னு சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனா அவசர அவசரமா செஞ்ச தொண்டுதான் சாமிக்கு உகந்த செடியையே சாய்ச்சுது.

அதனால வர்ற ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் கோவிலைச் சுத்தி ஒரு நடை. பெரியவங்க பேர் சொல்லுங்க, பிள்ளைங்க எழுதிக்கட்டும். தமிழ்லயும் மலாய்லயும் சின்னச் சின்ன பலகை வைப்போம். பேர் தெரியாத மரத்துல இனி பாராங் வைக்கிறதில்லைன்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்.

யார் வீட்டிலாவது வில்வக் கன்று இருந்தா சொல்லுங்க. பாட்டிக்கு ஒண்ணு கடன்பட்டிருக்கோம்.

சிவாயநம.