ஒரே வீட்டுக்கு எத்தனை விலை?

மலையக மக்களின் வீட்டுப் பிரச்சினை குறித்துப் பேசப்படும் போதெல்லாம், எத்தனை வீடுகள் கட்டப்பட்டன, இன்னும் எத்தனை கட்டப்பட வேண்டும் என்ற எண்ணிக்கையே முன்னிற்கிறது. அவ்வீடு ஒவ்வொன்றும் என்ன விலைக்கு அமைந்தது, அவ்விலையைச் செலுத்தியவர் யார், செலுத்தியவருக்குக் கிடைத்த உரிமை யாது என்ற கேள்விகள் எழுப்பப்படுவது அரிது. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை வரை நீண்டு கிடக்கும் தேயிலைப் பிரதேசத்தில் இக்கேள்வி இன்று தவிர்க்க முடியாததாகியுள்ளது. பழைய லயங்கள், தொண்ணூறுகளில் அறிமுகமான இரட்டை வீடுகள், ஏழு பேர்ச் காணியில் எழும் தனி வீடுகள் என மூன்று தலைமுறை வீடுகள் மலையகமெங்கும் அருகருகே நிற்கின்றன. அவற்றில் வாழ்வோர் ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர்கள். ஒரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பவர்கள். ஆனால் வீட்டுக்காக அவர்கள் கொடுத்த விலையோ ஒன்றல்ல.

1992ஆம் ஆண்டு பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அடுத்து, தொழிலாளர் நலன் கருதி ஒரு நிதியம் தோற்றுவிக்கப்பட்டது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அறியப்படுகிறது. இந்நிதியத்தின் ஊடாகவே, ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் தோட்டங்களில் எழுந்தன. அவை இலவசமாகக் கிடைத்தவையல்ல. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே கடனாகப் பெறப்பட்ட தொகை, மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. வருடக்கணக்கில் இக்கழிவைச் சுமந்து கடனைத் தீர்த்த பலருக்கு, வீடு நிற்கும் நிலத்தின் உறுதிப்பத்திரம் மட்டும் கைக்கு வரவில்லை. நிலம் அரசுக்குரியது; குத்தகை கம்பனிக்குரியது; கடன் மாத்திரமே தொழிலாளிக்குரியதாயிற்று.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவு நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. அதன் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கோட்பாடு வலுப்பெற்றது. இந்திய அரசின் நன்கொடையில் 4,000 வீடுகள் அமைக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவ்வீடுகள் 550 சதுர அடி பரப்பளவு கொண்டவை. இதே அளவான வீட்டுக்கு வடக்கு, கிழக்கில் 2012 முதல் வழங்கப்பட்ட உதவி ஐந்தரை இலட்சம் ரூபா. மலையகத்தின் முதற்கட்ட வீடுகளுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா. 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அடுத்த கட்ட வீடுகளுக்கோ 28 இலட்சம் ரூபா.

இடையில் மற்றொரு விலையையும் நாடு கண்டது. போரினால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென 65,000 உருக்கு வீடுகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா செலவில் அமைக்க 2015, 2016ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் முனைந்தது. அத்தொகையில் பாதியளவில் கல்வீடு கட்ட முடியும் எனத் தமிழ் மக்கள் பிரதிநிதிகளும் துறைசார் வல்லுநர்களும் கணக்குக் காட்டி வாதிட்டனர். அத்திட்டம் கைவிடப்படுவதற்கு, விலை வெளிப்படையாக விவாதிக்கப்பட்டமையே முக்கிய காரணமாகும். இது நாம் மறக்கலாகாத பாடமாகும்.

விலை வேறுபாடு யாவுமே அநீதியானது என நாம் கூறவரவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னர் ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தாண்டியது. சமதரையில் கட்டும் வீட்டுக்கும், மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, அணைச்சுவர் எழுப்பி மலைச்சரிவில் கட்டும் வீட்டுக்கும் செலவு ஒன்றாக இராது. லொறி செல்லாத இடங்களுக்குக் கல்லும் மணலும் தலைச்சுமையாகவே போக வேண்டும். இவை யாவும் ஏற்கத்தக்க காரணங்களே.

ஆயினும் விலையைக் கூலியோடு ஒப்பிட்டு நோக்கினால் மற்றொரு உண்மை புலப்படும். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி சகல கொடுப்பனவுகளும் சேர்ந்து ஒரு தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா. 10 இலட்சம் ரூபா வீடு என்பது அன்று ஏறத்தாழ 1,370 நாள் கூலி. 2026ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட வரவுக் கொடுப்பனவையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாட்சம்பளம் 1,750 ரூபா. 28 இலட்சம் ரூபா வீடு அதன்படி 1,600 நாள் கூலியாகும். உண்ணாமல் உடுக்காமல் சேமித்தாலும் எட்டாத தொலைவில் இருந்த வீடு, சம்பளம் உயர்ந்த பின்னரும் மேலும் 230 நாட்கள் தள்ளிப் போயிருக்கிறது. வெளி உதவியின்றி மலையகத் தொழிலாளி வீடு கட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ அடுக்குமாடி வீடு வாங்கிய ஒருவர், அதே மாடியில் அதே அளவு வீட்டை அயலவர் குறைந்த விலைக்கு வாங்கினார் என அறிந்து வருந்தலாம். அவ்வருத்தம் பேரம் பேசத் தவறியதால் வந்தது. அவரிடம் உறுதி இருக்கிறது. விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். இரட்டை வீட்டுக்குச் சம்பளத்தில் கழிவு கொடுத்த தோட்டத் தொழிலாளியின் வருத்தம் அத்தகையதன்று. தான் கடன் கட்டிய இடத்துக்கு அருகிலேயே, அதைவிட விசாலமான தனி வீடு அயலவருக்கு இலவசமாகவும் காணியுடனும் கிடைப்பதை அவர் காண்கிறார். அயலவர் பெற்றது தவறன்று. அவருக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் முந்திக் கட்டியவர் பிந்தி நிற்பதற்கு எவரும் விளக்கம் அளிப்பதில்லை. வீடு இருப்பவர் என்ற கணக்கில் அவரது பெயர் பயனாளிகள் பட்டியலிலிருந்தும் விலகிவிடுகிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா எனக் கேட்போர் உளர். சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட பணம் எவரது தானமும் அன்று. நன்கொடை வீடுகளிலும்கூட, வழங்கப்பட்ட தொகை போதாமல் நகையை அடகு வைத்து வேலையை நிறைவுசெய்த குடும்பங்களின் பங்களிப்பு ஏட்டில் ஏறுவதில்லை.

கடையில் விற்கும் பிஸ்கட் பொதியிலும் விலை பொறிக்கப்பட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அத்தகைய கட்டளைகள் பிறப்பிக்கப்படுகின்றன. ஒருவர் வாழ்நாளில் பெறும் மிகப் பெரிய பொருளான வீட்டுக்கோ விலைச்சீட்டு இல்லை. இஸ்லாமிய வணிக நெறியில் முராபஹா எனும் விற்பனை முறை உண்டு. அதில் விற்பவர் தமது கொள்விலையையும் இலாபத்தையும் வாங்குபவரிடம் ஒளிக்காமல் கூறியாக வேண்டும்; ஒளித்தால் ஒப்பந்தத்தின் அடிப்படையே பிறழ்ந்துவிடும். பொதுப்பணத்தில் எழும் வீடுகளுக்கும் இந்நேர்மை வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

உரிமை தெளிவின்றிக் கட்டப்படும் வீடு என்னவாகும் என்பதற்கு முஸ்லிம் மக்களின் அனுபவமும் சான்று பகரும். சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கென அம்பாறை மாவட்டத்தின் நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், எவருக்கு வழங்குவது என்ற வழக்கிலும் இழுபறியிலும் சிக்கி, நீண்ட காலம் காடு மண்டிக் கிடந்தன. செலவிடப்பட்ட பணம் எவருக்கும் கூரையாகவில்லை.

இப்பிரச்சினையை இன்று மேலும் அவசரமாக்கியிருப்பது 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியாகும். மலைநாட்டைப் புரட்டிப்போட்ட அவ்வனர்த்தத்தின் பின்னர், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் லயன் அறையில் நாலு தலைமுறை வாழ்ந்தவரிடம் உரிமையைக் காட்டப் பத்திரம் ஏது? 28 இலட்சம் ரூபா வீடும் 50 இலட்சம் ரூபா வீடும் நாளை ஒரே தோட்டத்தில் எழக்கூடும். அப்போது புதியதொரு மனக்கசப்புக்கு வித்திடாதிருக்க வேண்டுமாயின் முன்யோசனை இப்போதே தேவை.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் சுமார் இரண்டாயிரம் பயனாளிகளுக்கு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. எனினும் பத்திரம் வேறு, காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட உறுதி வேறு என்பதைச் சம்பந்தப்பட்ட தரப்பினர் கவனத்திற் கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும் காணிச் சீரமைப்பு, கட்டடம், நீர், மின்சாரம், பாதை ஆகியவற்றுக்கான செலவைத் தனித்தனியே காட்டும் பலகை ஒன்று தமிழிலும் சிங்களத்திலும் அத்தோட்டத்திலேயே நிறுத்தப்பட வேண்டும். பொருள் விலை உயரும்போது, அரைகுறையாக நிற்கும் வீடுகளுக்கும் அவ்வுயர்வு சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரட்டை வீட்டுக் கடனைத் தீர்த்தவர்களுக்குக் காணி உறுதி முதலில் வழங்கப்பட வேண்டும். அவர்கள் செலுத்திய பணத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாதிருக்கலாம். அப்பணத்துக்குரிய நிலத்தைக் கொடுப்பதற்குத் தடையேதும் இருக்க முடியாது. தோட்ட அலுவலகப் பதிவேடுகளில் அவர்களது பெயரும் கழிக்கப்பட்ட தொகையும் எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் திறந்து பார்க்கும் பணியை மலையக மக்கள் பிரதிநிதிகள் அடுத்த தேர்தல் வரை ஒத்திப்போடலாகாது.